வெள்ளையரசியின் வகுப்பறை

வெகுசன இலக்கியமொன்றின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் தலைமக்களைக் காட்டிலும் அதன் தீயோரையே முதலில் நோக்குதல் வேண்டும். சமூகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விழுமியங்களைச் சுமப்பவன் தலைவன். அவன் மாறுவது அரிது. தீயோன் அத்தகையனல்லன். ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகின்றது, எதனை வெளியே வெறுத்து உள்ளே விரும்புகின்றது என்பனவெல்லாம் அவன் மீதே ஏற்றப்படுகின்றன. அச்சம் மாறும்போது அவனும் மாறுகின்றான். இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க பாத்திரங்கள் ஐக்கிய அமெரிக்கச் சித்திரக்கதைகளிலே பல உள. அவற்றுள் எமா புறொஸ்ற் என்னும் பெண்பாத்திரத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் தொடரிலே, 1980 ஜனவரி எனத் திகதியிடப்பெற்ற 129ஆம் இதழில், கிறிஸ் கிளெயர்மொன்ற் எழுத ஜோன் பேர்ண் வரைய அறிமுகமானவள் இவள். பிறர் மனத்துட் புகுந்து அங்குள்ளதை அறியவும், வேண்டின் அதனை மாற்றியமைக்கவும் வல்ல தொலையுணர்வாற்றல் இவளுக்குண்டு. ‘வெள்ளையரசி’ என்பது இவளது பட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தாளர் பலர் ஒருவர்பின் ஒருவராக இவளைக் கையாண்டுள்ளனர். பாத்திரத்தின் உரிமை நிறுவனத்துக்கு உரியது. எழுத்தாளன் அங்கே வாடகைக்குடி மாத்திரமே. ஆகையால் இவளது வாழ்க்கை வரலாறு என்று நாம் வழங்குவது, பலர் ஒருவரையொருவர் திருத்தியும் மறுத்தும் எழுதிச் சேர்த்த உரைமேல் உரையாகும்.

கொடியவளாக இருந்தவள் நல்லவளாக மாறினாள் என்பதே இவ்வரலாற்றுக்குப் பொதுவாகக் கூறப்படும் சுருக்கம். தீயோர் திருந்துதல் சித்திரக்கதைக்குப் புதிதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதலிதழின் நாயகனான இரும்புக்கை மாயாவியைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். பிரித்தானிய இதழான வேலியன்றில் 1962இல் தொடங்கிய மூலக்கதையிலே, அவனும் முதலிற் குற்றவாளியாக உலாவியவனே. ஆயின் எமா புறொஸ்றைப் பொறுத்தவரை இச்சுருக்கம் போதாது. ஏனெனில் அவள் தனது முதற்காட்சியிலேயே ஆசிரியையாக வருகின்றாள்; தீயவளாக இருந்த காலத்திலும் ஆசிரியை, திருந்திய பின்னரும் ஆசிரியை. இரு காலத்தும் அவள் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றே: மாணவரின் மனத்துட் புகுதல். அப்படியாயின் அவளைத் தீயவளாக்கியது எது, நல்லவளாக்கியது எது என்னும் வினா எழுகின்றது. பல்கலைக்கழகச் சூழலில் வாழும் நமக்கு இவ்வினா முற்றிலும் புறம்பானதெனக் கூறிவிட முடியாது.

அந்த முதற்காட்சியைச் சற்று விரிவாக நோக்குவோம். சிக்காகோ நகருக்கு அண்மித்த டீயர்ஃபீல்ட் என்னும் ஊரிலே கிற்றி பிறைட் என்ற சிறுமி வாழ்கின்றாள். வயது பதின்மூன்றரை. அவளிடம் அசாதாரண ஆற்றலொன்று தலைகாட்டத் தொடங்கியுள்ளது. அவளைத் தத்தம் பள்ளிக்கு அழைத்துச் செல்ல இரு பள்ளிகளின் தலைவர்கள் ஒரே நாளில் அவ்வீட்டு வாயிலுக்கு வருகின்றனர். ஒருத்தி மசச்சூசெற்ஸ் கல்லூரியின் தலைவி எமா புறொஸ்ற். மற்றவர் எக்ஸ்-மென் குழுவின் ஆசான் சார்ள்ஸ் சேவியர். இருவரும் தொலையுணர்வாளர். இருவரும் தமது பள்ளியின் உண்மை நோக்கத்தைப் பெற்றோரிடம் மறைக்கின்றனர். இருவரும் பண்போடு பேசுகின்றனர். அவ்வீட்டு விருந்தறையில் இவர்களுள் யார் நல்லவர் என்று தீர்மானிக்கப் பெற்றோருக்கு எவ்வழியும் இல்லை. தலைவியைத் தலைவனிடமிருந்து வேறுபடுத்தி அறிய வாசகருக்கு மட்டுமே சான்று தரப்படுகின்றது. ஒரு நடுத்தரவர்க்கக் குடும்பம் தன் பிள்ளைக்குத் தனியார் பள்ளியொன்றைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண நிகழ்ச்சியினுள் இத்தனை அச்சத்தைப் பொதிந்து வைத்தமை கிளெயர்மொன்றின் திறமைக்குச் சான்று. பின்வந்த எழுத்தாளரிற் பலர் உலகங்களை அழித்தும் இவ்வளவு அச்சத்தை உண்டாக்கவில்லை என்பேன்.

எமா சார்ந்திருந்த ஹெல்ஃபயர் கழகம் செல்வரும் அதிகாரமுடையோரும் கூடும் இடம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உண்மையாகவே இயங்கிய உயர்குடிக் களியாட்டக் கழகங்களின் பெயரை அது தாங்கியுள்ளது. அதன் உள்வட்டத்தார் சதுரங்கக் காய்களின் பெயரால் வழங்கப்படுவர். கருப்பரசனாகிய செபஸ்ரியன் ஷோ பெரும் தொழிலதிபன், வெள்ளையரசியும் வணிக நிறுவனமொன்றின் தலைவி. இக்கற்பனைக்கு நேரடி ஊற்று ‘தி அவெஞ்சேர்ஸ்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் 1966இல் ஒளிபரப்பான ஓர் அங்கமாகும். அதில் எமா பீல் என்னும் பாத்திரமாக டயானா றிக் நடித்தார். பீற்றர் விங்கார்ட் எதிர்நிலைப் பாத்திரத்தை ஏற்றார். சித்திரக்கதையில் எமா என்ற பெயரும், அவளோடு சேர்ந்து சதிபுரியும் ஜேசன் விங்கார்ட் என்ற பெயரும் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பெற்றோர் முன் மதிப்புக்குரிய தலைமையாசிரியையாக நின்றவள் கழகத்தினுள்ளே உள்ளாடை போன்ற வெண்ணிற உடையுடன் தோன்றுகின்றாள். இளைஞரை வாசகராகக் கொண்ட இதழொன்றிலே அதிகாரமுள்ள பெண்ணை வரைய ஆண் படைப்பாளர் இருவருக்கு வேறு வழி புலப்படவில்லைப் போலும். அறிவும் செல்வமும் தலைமையும் உடைய பெண் என்றால் அவள் ஒழுக்கக்கேட்டின் உருவமாகவும் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவ்வுடையிலே தைக்கப்பட்டிருக்கின்றது. பின்வந்தோர் இவளை நல்லவளாக்கினர். உடையை மட்டும் பெரும்பாலும் மாற்றவில்லை.

அவ்வாண்டு இதழ்களில் எமா செய்த பெருந்தீமை தன் கையாற் செய்ததன்று. எக்ஸ்-மென் குழுவைச் சேர்ந்த ஜீன் கிறேயின் மனத்திலே பொய்க்காட்சிகளை ஊட்டுதற்கான கருவியை விங்கார்டுக்கு வழங்கியவள் அவளே. வேற்றொருத்தியின் வாழ்வைத் தன் நினைவென நம்பிய ஜீன், ஈற்றில் தன்னிலை இழந்து, 137ஆம் இதழில் உயிர் துறக்கின்றாள். ஒரு மனத்தைப் பிறர் வடிவமைக்க முற்படுவதன் விளைவு என்ன என்பதை அத்தொடர் இதனினும் கூர்மையாகச் சொன்னதில்லை. 1981இல் வெளியான 151ஆம் 152ஆம் இதழ்களில், கிற்றியைப் பெற்றோர் மசச்சூசெற்ஸ் கல்லூரிக்கே மாற்ற முடிவுசெய்ய, எமா ஸ்ரோம் என்பவளுடன் உடல் மாறுகின்றாள். கூடுவிட்டுக் கூடு பாய்தல் நம் கதைமரபுக்கு நன்கு தெரிந்த உத்தியே. ஆனால் இங்கே அது ஒரு மாணவியைக் கைப்பற்றுதற்கான சூழ்ச்சியாக அமைகின்றது.

1984இல் எமாவின் மாணவர் குழுவான ஹெலியன்ஸ் தோன்றுகின்றது. சேவியரின் இளம் மாணவருக்குப் போட்டியாக அமைந்த குழு அது. இரு குழுவினரும் தம்முட் சண்டையிடுவர், நட்புக் கொள்வர், நடனமாடுவர். எமாவின் மாணவரும் அவளை வெறுப்பவராகக் காட்டப்படவில்லை. சேவியரின் இளம் மாணவர் கொல்லப்பட்டு மீண்டும் உயிர் பெற்ற அதிர்ச்சியால் மனஞ் சிதைந்திருந்த வேளையில், அவர்களுக்குப் பொறுப்பாயிருந்த மக்னீற்றோ அவர்களை எமாவிடமே ஒப்படைக்கின்றான். காயப்படுத்தத் தெரிந்தவளுக்கே குணப்படுத்தவும் தெரியும் என்னும் கருத்து அங்கு முதன்முறையாகத் தலைகாட்டுகின்றது.

ஆயினும் இக்காலப்பகுதியில் எமாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் மனங்கொள்ளத்தக்கது, 1986இல் ரொம் டிஃபல்கோ எழுதி நான்கு இதழ்களாக வெளிவந்த பயர்ஸ்ரார் என்னும் குறுந்தொடரே. பயர்ஸ்ரார் 1981இல் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரொன்றுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் சித்திரக்கதைக்கு வந்தவள். அஞ்சலிக்கா ஜோன்ஸ் என்பது அவளது இயற்பெயர். பள்ளித் தோழியரின் ஏளனத்துக்கு ஆளாகி, அன்பு காட்டிய பாட்டியையும் இழந்து நிற்கும் தனிமைச் சிறுமி அவள். தந்தைக்கோ மகளின் விசித்திர ஆற்றலைக் கண்டு அச்சம். இந்த வெற்றிடத்தில் எமா நுழைகின்றாள். அவள் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. புகழ்கின்றாள், ஆறுதல் சொல்கின்றாள், குதிரையொன்றைப் பரிசளிக்கின்றாள். இரவிலே அதே சிறுமியின் கனவுகளுக்குள் அச்சத்தைப் புகுத்துகின்றாள், விடிந்ததும் அவ்வச்சத்துக்கு மருந்தாகத் தானே வந்து நிற்பதற்காக. தனக்குப் பகையான செலீன் என்பவளைக் கொல்லும் ஆயுதமாக அச்சிறுமியை வளர்த்தெடுப்பதே அவளது நோக்கம். அக்குதிரையின் சாவுக்கும் அவளே காரணமாகின்றாள். சிறுமி உண்மையை அறிந்து, ஆசிரியையை வென்று, தந்தையிடம் திரும்புவதோடு கதை முடிகின்றது.

ஓவியத்தாலும் உரையாடலாலும் இது எளிய படைப்பே. ஆனால் ஆசிரிய ஆதிக்கத்தின் இயக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வெகுசனப் படைப்புகள் அதிகமில்லை. மாணவியின் தேவையை ஆசிரியையே உண்டாக்குகின்றாள். உண்டாக்கிய தேவையைத் தானே தீர்க்கின்றாள். தீர்த்தமைக்கு நன்றியை அறுவடை செய்கின்றாள். இதற்குத் தொலையுணர்வு இன்றியமையாததன்று. பரிந்துரைக் கடிதமும் பாராட்டும் மௌனமும் தக்க அளவிற் கலந்தால் சாதாரண மனிதராலும் இது இயலும். பின்னாளில் எமாவை நாயகியாக்கிய எழுத்தாளர் எவரும் அஞ்சலிக்காவுக்கு இழைக்கப்பட்டதை இதே நிதானத்துடன் கணக்குத் தீர்க்கவில்லை என்பது எனது குறை.

1991இல் 281ஆம் இதழில் எதிர்காலத்திலிருந்து வந்த ட்ரெவர் ஃபிற்ஸ்றோய் என்பவன் தாக்க, ஹெலியன்ஸ் மாணவருட் பெரும்பாலோர் மாண்டுபோகின்றனர். எமா நினைவிழக்கின்றாள். புதிய வில்லன் வலியவன் எனக் காட்டுதற்குப் பழைய பாத்திரங்களைக் கொன்றொழிக்கும் மலிவான உத்தி அது. ஆனால் மலிவான உத்தியிலிருந்தே இப்பாத்திரத்தின் மிகச் சிறந்த திருப்பம் பிறந்தது. 1994இல் ஸ்கொற் லொப்டெல் எழுதிய இதழ்களிலே எமா விழிக்கும்போது ஐஸ்மான் என்னும் எக்ஸ்-மென் வீரனின் உடலுள் இருக்கின்றாள். விழித்தவள் முதலில் தேடுவது தன் மாணவரை. அவர்கள் இல்லை என அறிந்து அவள் அடையும் துயரம் நடிப்பன்று. இதனிடையே இன்னொன்றும் நிகழ்கின்றது. அவ்விளைஞன் தனது உறைபனி ஆற்றலை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியும் அறியாத எல்லைகளை, அவனுடலில் சில காலமே இருந்த எமா எளிதாகத் தொட்டுவிடுகின்றாள். அத்துமீறிப் புகுந்தவள் அவனுக்கு அவனையே கற்பித்துவிட்டுச் செல்கின்றாள். இதனை நன்மையென்பதா, தீமையென்பதா? அந்த இதழ்கள் தீர்ப்புக் கூறாது விட்டமை பாராட்டத்தக்கது.

அவ்வாண்டிலேயே தொடங்கி 2001 வரை 75 இதழ்கள் வெளிவந்த ஜெனறேஷன் எக்ஸ் தொடரில், அதே மசச்சூசெற்ஸ் கல்லூரிக் கட்டடத்தில், ஷோன் கசிடி என்பவனோடு இணைந்து எமா சேவியரின் மாணவருக்குத் தலைமையாசிரியை ஆகின்றாள். கட்டடமும் ஆசிரியையும் பழையனவே. பெயர்ப்பலகை மட்டுமே வேறு. இத்தொடரின் இறுதிப்பகுதியில் அவளது உடன்பிறந்தாள் ஏட்றியன் வைத்த குண்டினால் எவரெற் தோமஸ் என்ற மாணவன் இறக்கின்றான். எமா தன் சகோதரியைக் கொன்று பழி தீர்க்கின்றாள். நல்லோர் அணியில் இருந்துகொண்டே செய்த கொலை இது.

2001இல் தொடரின் பொறுப்பை ஏற்ற ஸ்கொத்லாந்து எழுத்தாளர் கிறான்ற் மொறிசனிடத்தே எமா முழுமை பெறுகின்றாள் எனலாம். ஜெனோஷா என்னும் தீவில் ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர் கொல்லப்படுகின்றனர். அங்கே ஆசிரியையாயிருந்த எமா இடிபாடுகளினின்று உயிருடன் மீள்கின்றாள். கையிலே மாணவி ஒருத்தியின் உடல். அவ்வழிவின்போது அவளுடல் வைரமாக உறையும் புதிய ஆற்றலைப் பெற்றிருக்கின்றது. வைரவுருவில் அவளை எதுவும் எளிதில் ஊறுபடுத்தாது. ஆனால் அந்நிலையில் அவளாற் பிறர் மனத்தை அறிய முடியாது. காயம் பட விரும்பாதவள் பிறரை உணரும் ஆற்றலை விலையாகக் கொடுத்தல் வேண்டும். ஒரு பாத்திரத்தின் உளவியலை இவ்வளவு சிக்கனமாக ஓர் உடல்விதியாக மாற்றியமை மொறிசனின் சாதனை.

அவர் படைத்த மற்றொன்று, எமாவின் விருப்புக்குரிய மாணவியரான ஐந்து ஒத்த உருவச் சகோதரியர். தோற்றத்தாலும் ஆற்றலாலும் அவர்கள் ஆசிரியையின் படிகள். பள்ளியில் எழுந்த மாணவர் கலகம் ஒன்றை அடக்க முற்பட்டு அவர்களுள் சோஃபி இறக்கின்றாள். எஞ்சியோர் பழியை ஆசிரியை மீது சுமத்தி அவளை விலக்குகின்றனர். பின்னர் அவர்களுள் ஒருத்தியான எஸ்மி வேறொரு மாணவியின் மனத்தைத் தன்வயமாக்கி, அவள் கையால் எமாவைச் சுடுவிக்கின்றாள். வைரவுடல் நொறுங்குகின்றது. பிறிதோர் உயிரைக் கருவியாக்கி, தன் கை படாமற் கொல்லுதல்: இது 1980இன் வெள்ளையரசி தானே செய்துகாட்டிய பாடம். அவளது மாணவியருள் அப்பாடத்தை முழுமையாகக் கற்றவள் எஸ்மி ஒருத்தியே. இச்சகோதரியர் எமாவின் கருமுட்டைகளிலிருந்து அவளறியாது உருவாக்கப்பட்டோர் என 2006இல் வேறோர் எழுத்தாளர் விளக்கம் சேர்த்தார். அது தேவையற்ற சேர்க்கை. ஆசிரியையை மாணவி ஒத்திருப்பதற்கு இரத்த உறவைக் காரணமாக்கினால், கற்பித்தலின் பொறுப்புக் கழன்றுவிடுகின்றது.

இங்கே எதிரணியையும் நோக்குதல் நேர்மையாகும். ஸ்கொற் சமர்ஸுக்கும் எமாவுக்கும் மனவெளியில் ஏற்பட்ட உறவை 2003இல் அறிந்த ஜீன் கிறே, சினமுற்று எமாவின் மனத்தை வலிந்து திறந்து, அவளது கடந்தகாலத்தை அவள்முன் சிதறடிக்கின்றாள். அதுவரை தொடரின் தூய நாயகியாக விளங்கியவள் ஜீன். எட் புறூபேக்கர் எழுதி 2005-2006இல் வெளிவந்த குறுந்தொடரிலோ, தன் மாணவர் குழுவொன்று தனது கட்டளையால் அழிந்ததைச் சேவியர் மறைத்தார் என்பதும், அதன்பொருட்டு ஸ்கொற்றின் நினைவையே அழித்தார் என்பதும் வெளிப்படுகின்றன. ஆசானின் நற்பெயருக்காக மாணவன் தன் சகோதரனையே மறக்கும்படி செய்யப்பட்டான். இதனைச் செய்தவள் எமாவாக இருந்திருப்பின் அது தீயோளின் கொடுமை என்று முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். டீயர்ஃபீல்ட் விருந்தறையிலே இரு தலைவர்களுக்குமிடையே பெற்றோருக்குப் புலப்படாத வேறுபாடு, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் வாசகருக்கும் புலப்படாததாயிற்று. எமா உயர்ந்தமையால் மட்டுமன்றிச் சேவியர் தாழ்ந்தமையாலும் இந்நிலை ஏற்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

2003இல் தொடங்கிப் பதினெட்டு இதழ்கள் வெளிவந்த ‘எமா புறொஸ்ற்’ என்ற தனித்தொடர் அவளது இளமையைக் கூறுகின்றது. பொஸ்ரன் நகரத்துச் செல்வக் குடும்பம், கொடிய தந்தை, ஆசிரியப் பணியில் நாட்டங்கொள்ளும் கூச்சமுள்ள சிறுமி. உள்ளே இக்கதை இருக்க, அட்டைப்படங்களோ வளர்ந்த எமாவின் உடலைக் கடைவீதிக் காட்சிப் பொருளாக விரிக்கின்றன. அட்டையும் அகமும் இவ்வாறு முரண்பட்ட நூல் வேறொன்றை எளிதிற் காட்டமுடியாது. மேலும், தீமைக்குப் பிள்ளைப்பருவக் காயத்தைக் காரணம் காட்டும் அக்காலத்து வழக்கத்துக்கு இத்தொடரும் இரையாகின்றது. தந்தை கொடியவனாயிருந்தமை அஞ்சலிக்காவின் கனவுகளுக்குள் எமா புகுந்தமைக்கு விளக்கமாகாது.

2012இல் பேராற்றல் பெற்று நிலைதடுமாறியமை, 2019இல் கிறக்கோவா என்னும் தீவரசில் மீண்டும் வெள்ளையரசிப் பட்டம் ஏற்றமை முதலிய பிற்கால நிகழ்ச்சிகள் நமது வினாவுக்குப் புதிதாக எதனையும் தரவில்லை. அதற்கு விடை போன்ற ஒன்றைத் தருவது 2004இல் ஜொஸ் வீடன் எழுதி ஜோன் கசடே வரையத் தொடங்கிய தொடர். அதன் முதலிதழிலே கிற்றி பிறைட் வளர்ந்த பெண்ணாக, ஆசிரியையாகப் பள்ளிக்குத் திரும்புகின்றாள். கூடியிருக்கும் மாணவர்முன் எமா உரையாற்றிக்கொண்டிருக்கக் கிற்றி தாமதமாக உள்ளே வருகின்றாள். கிற்றிக்கு எமா மீது சிறிதும் நம்பிக்கையில்லை; பதின்மூன்று வயதில் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்மணியை அவள் மறக்கவில்லை. அதனை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் கிற்றியை மீண்டும் அழைக்க வேண்டுமெனக் கேட்டவள் எமாவே என்பது பின்னர் தெரியவருகின்றது. தான் மீண்டும் தவறிழைக்க நேரின் அதனை முதலிற் கண்டுகொள்பவள், தன்னை ஒருபோதும் நம்பாத கிற்றியே என அவள் கருதியிருக்கின்றாள். எந்த மனத்துள்ளும் புக வல்லவள், தன் பள்ளியிலே தனக்கு வசப்படாத மனமொன்று இருக்க வேண்டுமென விரும்பி, 1980இல் தன் கைக்கு அகப்படாது போன அதே சிறுமியைத் தேடி அழைத்துப் பக்கத்து வகுப்பறையில் அமர்த்துகின்றாள்.